உன் தளத்தில் அம்மாவின் ஒரே படம்

தம்பி,

தீபாவளிக்கு மறுநாள் உன் இணையதளத்தில் அம்மாவின் படம் ஒன்றைப் போட்டாயே, அதற்குக் கீழே கருத்து எழுத நீயே செய்து வைத்திருக்கும் பெட்டியில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நம் வீட்டில் போன் யார் கையில் இருக்கும் என்பது உனக்குத் தெரியும். நான் சொன்ன கையோடு நீ அம்மாவைக் கூப்பிடுவாய். அவள் "அவருக்கு வேற வேல என்னா, நீ கெளம்புற வழியப் பாருடா" என்பாள். நீயும் நம்பிவிடுவாய். அவள் ஒன்று சொல்லி நான் வேறொன்று சொல்லி, நீ என் பக்கம் நின்றதாக எனக்கு நினைவே இல்லை. இங்கே எழுதினால் உன் ஆபீஸ் நண்பர்கள் படிப்பார்கள், சிதம்பரத்து மாமா பிள்ளைகள் படிப்பார்கள், முகம் தெரியாத இன்னும் சிலரும் படிப்பார்கள். இத்தனை பேர் படித்த பிறகு நீ மட்டும் படிக்காதவன் போல விமானம் ஏற முடியாது. அம்மா இதைப் பார்க்க மாட்டாள். அவள் உன் படங்களை மட்டும்தான் பார்ப்பாள். கீழே எழுத்து வந்தால் கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டுக்கொண்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவாள்.

விஷயம் இதுதான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. சளி, காய்ச்சல், முட்டிவலி என்று நாம் வழக்கமாகச் சொல்லும் சரியில்லை அல்ல இது. வெள்ளிக்கிழமை நீ அமெரிக்காவுக்கு ஏறினால் இரண்டு வருஷம் கழித்துத்தான் திரும்புவதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அந்த இரண்டு வருஷம் அவளிடம் இல்லை. நீ ஏறும்வரை உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று என் கையை அவள் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அதை இப்போது உடைக்கிறேன். பாவம் வந்தால் எனக்கு வரட்டும். எனக்கு எப்படித் தெரிந்தது என்பதை முதலிலிருந்து சொல்லியாக வேண்டும். தெரிந்ததே உன் படங்களால்தான்.

நீ சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 2004ஆம் வருஷம், பிலிம் இல்லாத கேமரா ஒன்றை வாங்கி வந்தாய். பிலிம் இல்லை என்றதும் யாரோ உன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன். பிறகு சொந்தமாக ஒரு இணையதளம் என்றாய். மற்றவர்கள் யாரோ செய்து வைத்த ஆல்பத்தில் படத்தைக் கொண்டுபோய்ப் போடுவார்கள், நான் ஒவ்வொரு பக்கத்தையும் என் கையால் எழுதுவேன் என்று பெருமை பேசினாய். "வாரம் பூரா ஆபீஸ்ல பொட்டிய தட்டறான், ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வந்தும் அதையே தட்டறான், இது என்னா பொழுதுபோக்கு" என்று அம்மா சிரிப்பாள். தேவனாம்பட்டினம் கடற்கரை, கெடிலத்துப் பாலம், பண்ருட்டிச் சாலையில் பலாப்பழ லாரி, சிதம்பரத்தில் தேர் வடம் பிடிப்பவர்களின் கைகள் என்று போட்டுக்கொண்டே இருந்தாய். பார்த்தது நாம் மூன்று பேரும் உன் நண்பன் ஒருவனும்தான் என்று நினைக்கிறேன்.

அந்த டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அடுத்த மாதம் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒருவர் நம் வீட்டைத் தேடி வந்தது உனக்கு மறந்திருக்காது. வாசலில் நின்றுகொண்டு உள்ளே வர மறுத்தார். "ஞாயித்துக்கெழமைல படம் எடுக்குமே அந்தத் தம்பி, இந்த ஊடுதானுங்களா" என்றார். வீட்டோடு எல்லாம் போயிருந்தது, மனைவியின் படம் என்று ஒன்றுகூட அவரிடம் இல்லை. நீ அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு படமாகத் தள்ளினாய். ஒரு படகின் படத்தில், மூலையில், கூடைக்குப் பின்னால் அந்த அம்மா இருந்தாள். நகத்தளவு முகம். நீ அதைப் பெரிதாக்கினாய், முகம் கலையாமல் வந்தது. அவர் திரையைத் தொடவில்லை, அழவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தார். அன்றைக்குத்தான் நீ முடிவு செய்தாய், இனிமேல் எந்தப் படத்தையும் சுருக்கிப் போடுவதில்லை என்று. ஒவ்வொரு படத்தின் கீழும் 'பெரிய அளவில் பார்க்க' என்று ஒரு வரி வைத்தாய். யார் வேண்டுமானாலும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்றும் எழுதினாய். உன்னை நினைத்து எனக்கு அன்று பெருமையாக இருந்தது. இன்றைக்கும் அதில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாம் தொடங்கியது அந்த வரியிலிருந்துதான்.

எதிர்வீட்டு சரோஜா இறந்தபோது தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினார்கள். நல்ல படம் கிடைக்காமல் ரேஷன் கார்டுக்கு எடுத்த முகத்தை ஆளுயரத்துக்கு ஊதிவிட்டார்கள். போலீசில் பிடித்து வைத்த ஆள் மாதிரி இருந்தாள் பாவம். அம்மா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொள்வாள். "சாவறது கூட பரவால்லங்க. இந்த மூஞ்சியோட பதினாறு நாள் நிக்கணுமா அவ" என்றாள். அதற்குப் பிறகுதான் தெருவில் யாருக்கோ உன் தளம் ஞாபகம் வந்தது. அடுத்த சாவுக்கு பேனர் அடிக்கிற பையன் நேராக அதிலிருந்து எடுத்துக்கொண்டான். மாலை போட்டுப் பார்க்கவே தேவையில்லாமல் மகாராஜா மாதிரி சிரித்துக்கொண்டு நின்றார் அந்த மனிதர். அப்புறம் என்ன, நீ ஊருக்கு வந்தால் வயசானவர்கள் சவரம் செய்துகொண்டு வந்தார்கள். சும்மா பார்த்துப் போகலாம் என்று வந்தேன் என்பார்கள். எதற்கு என்று யாரும் சொன்னதில்லை, நீயும் கேட்டதில்லை. பக்கத்து வீட்டு வாத்தியார் மட்டும்தான் வாய்விட்டுச் சொன்னவர். நீ படம் எடுத்து முடித்ததும் என்னைப் பார்த்து, "சார், உங்க பையன் எனக்கு ரிசர்வேஷன் பண்ணிட்டான். வண்டி வர வேண்டியதுதான் பாக்கி" என்றார்.

வருஷங்கள் ஓடின. படத்துக்கு உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். வயசானவர்கள்தானே, போகத்தான் செய்வார்கள். ஆனால் ஊர் வாய் அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பையன் படம் எடுத்தால் ஆள் தங்குவதில்லை என்று பேச்சு எழுந்தது. பால்காரர் ஒருநாள் என்னிடம், "தம்பி எப்ப சார் வருது? வந்தா சொல்லுங்க, அன்னிக்கு நான் அடுத்த தெருவால போயிக்கிறன்" என்றார். நான் கோபப்பட்டேன். முப்பது வருஷம் கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்தவன் நான். கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து இருட்டில் போனவனுக்குப் பேய் பிசாசு பயமெல்லாம் வராது. இருந்தாலும் சொல்கிறேன், நீ கேமராவை என் பக்கம் திருப்பினால் உட்கார்ந்த இடத்தில் இருக்க மாட்டேன். சட்டையைச் சரி செய்வது போல எழுந்து போய்விடுவேன். நீ கவனித்திருக்க மாட்டாய்.

அம்மா விஷயம் வேறு. அவள் பயந்து ஒதுங்கவில்லை, அவளுக்கு முதலிலிருந்தே பிடிக்காது. இத்தனை வருஷப் படங்களைத் தேடிப் பார். கோலத்தில் ஒரு கை இருக்கும். கதவுக்குப் பின்னால் புடவைத் தலைப்பு இருக்கும். பொங்கல் பானையின் புகைக்குப் பின்னால் பாதி முதுகு இருக்கும். முகம் இருக்காது. "என் மூஞ்ச ஒலகத்துல எவன் பாக்கணும்" என்று முறத்தைத் தூக்கி மறைத்துக்கொள்வாள். அப்படிப்பட்டவள் போன தீபாவளிக்கு, பலகாரம் எல்லாம் முடிந்த பிறகு, கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். "டேய், என்ன ஒரு படம் எடு" என்றாள். நீ வாயெல்லாம் பல்லாக ஓடிவந்தாய். "வெளிச்சம் இந்தப் பக்கம் போதுமா? பெருசாக்கினா கெட்டுப் போவாம இருக்கணும்" என்று கேட்டாள். அவள் அப்படிக் கேட்டதும் உனக்கு ஒரே சிரிப்பு, அம்மா டெக்னிகலாகப் பேசுகிறாள் என்று. நானும் சிரித்தேன். மறுநாள் தளத்தில் போட்டு, 'அம்மா, ஒருவழியாக' என்று தலைப்பு வைத்தாய். வாழ்த்தி எழுதியவர்களின் வரிகள் இதோ, நான் எழுதும் இடத்துக்கு மேலேயே இருக்கின்றன.

டிசம்பர் கடைசியில் 'தானே' என்ற புயல் வந்து ஊரையே பிரித்துப் போட்டது. நம் தெருவில் ஒரு மரம் மிச்சமில்லை, கம்பங்கள் எல்லாம் சாய்ந்து கிடந்தன. கரண்ட் இல்லாத அந்த நாட்களில்தான் வாத்தியார் போய்ச் சேர்ந்தார். அவர் பேனர் விஷயத்தில் ஆசையாக இருந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். நம் கடலூரில் பேனர் அடிக்க வழியில்லை. அவர் மருமகன் இறந்த வீட்டு வேலையில் மாட்டிக்கொண்டிருந்ததால் நான் பஸ் பிடித்துச் சிதம்பரம் போனேன். அம்மா என்னைத் தடுத்தாள். "இந்த ரோட்டுல நீங்க எதுக்கு, வேற யாராவது போவட்டும்" என்றாள். என் உடம்பை நினைத்துச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

சிதம்பரத்தில் ஜெனரேட்டர் வைத்து ஓட்டிக்கொண்டிருந்த ஒரு கடை அகப்பட்டது. கடைக்காரப் பையனிடம் உன் தளத்தின் பெயரைச் சொன்னேன். "தெரியும் சார், அதுலேருந்து முன்னயே ஒண்ணு எடுத்து வச்சிருக்கறன்" என்று கம்ப்யூட்டரில் ஒரு இடத்தைத் திறந்தான். வரிசையாகச் சின்னச் சின்ன முகங்கள். அதில் உன் அம்மா இருந்தாள். பட்டுப் புடவை, மூக்குத்தி, அதே பார்வை. ஆனால் நம் தோட்டம் இல்லை, பின்னால் இருந்த துணிக்கொடி இல்லை. சுற்றிலும் நீல நிறம், கீழே எழுத்துக்கு இடம்.

"இது என்னாப்பா" என்று கேட்டேன்.

"அது வேற ஒரு அம்மாவோடது சார். அவுங்களேதான் வந்தாங்க. கூட ஒருத்தர், கூடப் பொறந்த தம்பின்னாங்க. இந்தப் படத்த எடுத்து ரெடி பண்ணி வச்சிக்கப்பான்னாங்க. துணிக்கொடிய அழிச்சிடு, மூக்குத்தி நல்லா தெரியணும்னு கூடவே ஒக்காந்து பாத்தாங்க. பொறந்தநாளாம்மான்னு கேட்டன். சிரிச்சாங்க. 'இல்லப்பா, நீ தேதிய மட்டும் காலியா வுட்டுடு. அத எங்க ஊட்டுக்காரரு வந்து சொல்லுவாரு'ன்னாங்க."

அந்த வீட்டுக்காரர் அவன் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தார் தம்பி. தேதி கேட்பதற்கு முன்னாலேயே வந்து நின்றுவிட்டார்.

வாத்தியார் பேனரை எப்படி வாங்கினேன், எந்த பஸ்ஸில் ஏறினேன் என்பதெல்லாம் ஞாபகமில்லை. பரங்கிப்பேட்டை ரோடு பிரியும் இடத்தில் சாய்ந்த மரத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள். பஸ் அங்கே வெகுநேரம் நின்றது. எல்லோரும் இறங்கி டீ குடித்தார்கள். நான் மடியில் சுருட்டி வைத்த வாத்தியாரோடு உட்கார்ந்திருந்தேன். புரட்டாசியிலிருந்து அவள் அடிக்கடி மாமா வீட்டுக்கென்று சிதம்பரம் போனதும், போய் வந்த அன்றெல்லாம் குப்புறப் படுத்துக்கொண்டதும், ரவிக்கை தொளதொளவென்று ஆகிப்போனதும் அப்போதுதான் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்தன. வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "வாத்தியாரு படம் நல்லா வந்துச்சா" என்பதுதான். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"பாத்துட்டிங்களா" என்றாள்.

"நீயே போயி சொல்லிட்டு வந்திருக்கற."

"பின்ன, உங்கள நம்பி வுட்டா என் ரேஷன் கார்டத் தூக்கிக் குடுத்துட்டு வந்துருப்பிங்க."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மார்பில் கட்டி. வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு வருஷம் யாரிடமும் காட்டவில்லை. பிறகு மாமாதான் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஆஸ்பத்திரியில் உடனே வந்து படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சமயம் உன் ஆபீஸில் உனக்கு விசாவுக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். "நான் போயி படுத்தா அவன் விசாவ கிழிச்சிப் போட்டுட்டு வந்து நிப்பான். எனக்குத் தெரியாதா என் புள்ளய? அவன் ஏறட்டும். அப்புறம் நீங்க எங்க கூப்ட்டாலும் வர்றன்" என்றாள். மாமாவிடமும் இதே சத்தியம். நான் கத்தினேன், கெஞ்சினேன். கடைசியில் நானும் சத்தியம் செய்தால்தான் டாக்டரிடம் வருவேன் என்று பேரம் பேசினாள். செய்தேன்.

போன வாரம் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன வயசு டாக்டரம்மா. ஸ்கேன் படங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். அந்தப் படங்களில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, சாம்பல் நிறத்தில் மேகம் மாதிரி இருந்தது. ஈரலுக்குப் போய்விட்டது என்றாள். மருந்து ஏற்றிப் பார்க்கலாம், உடம்பு தாங்கினால் கொஞ்சம் நாள் கிடைக்கும் என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "பசங்க எங்க இருக்காங்க" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் அம்மா, "ஒரே பையன். அமெரிக்கால இருக்கான்" என்று சொல்லிவிட்டாள். நீ அப்போது சென்னையில் உன் அறையில்தான் இருந்தாய், நான்கு மணி நேரத் தூரத்தில். அவள் கணக்கில் நீ எப்போதோ போய்விட்டாய். எனக்கு அந்த இடத்தில்தான் பயம் வந்தது. நோயைவிட அவள் உன்னை வழியனுப்பி முடித்துவிட்ட விதத்தைப் பார்த்துத்தான் பயந்தேன்.

தம்பி, உனக்கு நான் புத்தி சொல்லிப் பழக்கமில்லை. நீ எழுதும் ப்ரோகிராம் எனக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. ஆனால் இதை மட்டும் கேட்டுக்கொள். அமெரிக்காவில் உன் ஆபீஸ் நாற்காலியில் உட்கார வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்கள். கோபித்துக்கொள்வார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆகி உன் பெண்டாட்டியும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னால், சொல்லும்போது அவள் முகத்தைப் பார். நம் வீட்டுப் பெண்கள் வாயால் உண்மையைச் சொல்பவர்கள் அல்ல. நீ இத்தனை ஆயிரம் படம் எடுத்தாய், அதில் எத்தனையோ முகங்கள். அம்மா உட்கார்ந்த அன்று அவள் தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்ததை நீ பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. இப்போது பெரிய அளவில் திறந்து பார். நன்றாகவே தெரிகிறது. கல்யாணப் பட்டு அவள் மேல் தொங்குகிறது.

இனி நீ அழுதுகொண்டே அவளுக்குப் போன் செய்யாதே. நேராக வா. வியாழக்கிழமைக்குள் வந்து சேர்ந்தால் போதும், வெள்ளிக்கிழமை முதல் மருந்துக்குச் சேர்த்துவிடலாம் என்று

இந்த இடத்தில் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்தவள், நான் படத்துக்குக் கீழே இவ்வளவு நேரம் என்ன தட்டிக்கொண்டிருக்கிறேன் என்று சந்தேகப்பட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்னால் நின்றுவிட்டாள். மறைக்க எனக்குக் கை ஓடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முதலிலிருந்து படித்தாள். நடுவில் ஒரு முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். திட்டுவாள், சத்தியத்தை இழுப்பாள், அழித்துவிடு என்பாள் என்று காத்திருந்தேன். அவள் கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"வியாழக்கெழமன்னு போட்டிருக்கிங்க" என்றாள். "அவ்ளோ நாள் வேணாம். நாளைக்கே வரச் சொல்லுங்க. நான் சொன்னன்னே போடுங்க."

சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். ஏன் நாளைக்கே என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வா.